கூட்டுக்குள் குங்குமம்

அத்தியாயம் 3

ராஜசேகரன் காலையில் சாப்பிட்ட புட்டு மாயம் வயிற்றிலேயே தங்கட்டும் என்று ஆண்டவன் நினைத்திருந்தால், ஒன்பதரை மணிக்கு ஸ்டானிஸ்லாஸை அந்தக் குப்பியோடு மாடிப்படி ஏற விட்டிருக்க மாட்டான்.

குப்பி மேஜைமேல் வந்து உட்கார்ந்தது. உள்ளே கட்டைவிரல் நீளத்தில் ஓர் உலோகக் குழாய். உடம்பு முழுக்கப் பொடிப்பொடி ஓட்டைகள். புட்டு மாயம் பிழியும் இடியாப்ப அச்சின் அடித்தகட்டைச் சுருட்டி வைத்தால் இப்படித்தான் இருக்கும் என்று ராஜசேகரனுக்குத் தோன்றியது. தோன்றியதும் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். இருபது வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக விபத்துகளை விசாரித்தவர், இப்போது ஸ்கூடாயில் ஒரு பூக்கடைக்கு மேலே சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் வைத்திருப்பவர். ஆனாலும் ரத்தம், சீழ் என்ற வார்த்தைகள் காதில் விழுந்தால் இன்னமும் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொள்வார்.

“என் தங்கச்சி வினிஃப்ரெட்டோட கால்லேர்ந்து எடுத்தது சார்,” என்றான் ஸ்டானிஸ்லாஸ்.

ராஜசேகரன் ஜன்னல் பக்கம் போனார்.

“கழுவிட்டாங்களா?” என்று கேட்டாள் அவருடைய உதவியாளர் ஷாமளா. அவள் ஒரு கையில் ரொட்டி கோசோங், உள்ளே முட்டையோ வெங்காயமோ எதுவும் இல்லாத வெறும் ரொட்டி. மறு கையில் லிமாவ் ஐஸ். பக்கத்தில் பிணம் கிடந்தாலும் பசியாறக்கூடிய பெண் அவள்.

ஸ்டானிஸ்லாஸுக்கு முப்பது வயதிருக்கும். செனாய் தொழிற்பேட்டையில் பேக்கிங் வேலை என்றான். கழுத்தில் கிடந்த வெள்ளிச் சிலுவையைத் திருகித் திருகிக் கதையைச் சொன்னான். தங்கை வினிஃப்ரெட் விமான நிலையத்தில் செக்-இன் கவுண்டரில் நிற்பவள். மோட்டார் விபத்தில் கணுக்காலுக்கு மேலே எலும்பு நொறுங்கி, நடுவில் இடைவெளி விழுந்துவிட்டது. ஜொகூர் பாருவில் ஒரு தனியார் கிளினிக்கில் இந்தக் கூட்டை வைத்தார்கள். இடுப்பிலிருந்து சுரண்டி எடுத்த எலும்புத் துகளை இதற்குள் அடைத்து, முறிந்த இரண்டு முனைகளுக்கும் நடுவே நிறுத்துவார்களாம். ஓட்டைகளுக்குள் புது எலும்பு புகுந்து வளர்ந்து இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொள்ளுமாம். கூடு சுத்தமாக இருந்தால்.

வினிஃப்ரெட்டின் காலில் எலும்பு வளரவில்லை. வளர்ந்ததெல்லாம் சீழ்தான். எட்டாவது வாரம் அரசாங்க மருத்துவமனையில் கூட்டைக் கழற்றி, கேட்டதற்குக் குப்பியில் போட்டுக் கையிலேயே கொடுத்துவிட்டார்கள். கால் தங்குமா போகுமா என்பது அடுத்த வாரம் தெரியும்.

“கிளினிக்ல என்ன சொல்றாங்க?”

“அவ புண்ணைச் சுத்தமா வெச்சிக்கலன்னு சொல்றாங்க சார். அவ வீட்டுத் தரையில சோறு போட்டுச் சாப்பிடலாம்.” அவன் சிலுவையை விட்டான், மறுபடி பிடித்தான். “அதை விடுங்க. இன்னிக்குச் சாயந்தரம் அஞ்சு மணிக்கு ரூபேந்திரன்னு ஒரு லாரி டிரைவருக்கு ஆபரேஷன். முழங்காலுக்குக் கீழ. அவருக்கும் இதே மாதிரிக் கூடுதான் வைக்கப் போறாங்க. அதை எப்படியாச்சும் நிறுத்தணும் சார். அவருக்கு ரெண்டு சின்னப் பிள்ளைங்க.”

ராஜசேகரனுக்கு அவன்மேல் இரக்கம் வந்தது. சொந்தத் தங்கை படுத்துக் கிடக்கும்போது ஊரார் காலுக்காகவும் கவலைப்படுகிறானே என்று நினைத்தார். அப்படி நினைத்ததற்காக அன்று மாலை அவர் தன் தலையில் தானே குட்டிக்கொள்ளப் போகிறார்.

அவன் போனதும் ஷாமளா கூட்டை இடுக்கியில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

“பாஸ், வந்து பாருங்க. கடிக்காது.”

“அங்கேருந்தே சொல்லு.”

“வெளிய பளபளன்னு இருக்கு. உள்பக்கம் நீலமா ஓடியிருக்கு, அடுப்புல வெச்சு மறந்துட்ட சட்டி மாதிரி. அப்புறம் ஓட்டை அடியில செவப்பா என்னமோ பிசுபிசுன்னு இருக்கு.”

“காய்ஞ்ச ரத்தம்னுதான் ஆஸ்பத்திரியில எழுதிக் குடுத்திருக்காங்க.”

“ரத்தம் காய்ஞ்சா கறுத்துப் போகும் பாஸ். இது கல்யாணப் பொண்ணு நெத்தி மாதிரி ஜம்முன்னு இருக்கு.”

ராஜசேகரன் ஜன்னலை விட்டு வந்தார். அருவருப்பை விட ஆர்வம் ஓர் அங்குலம் அதிகமாக இருப்பதால்தான் அவர் இந்தத் தொழிலில் இருக்கிறார். ஊசி முனையில் ஒரு துளி சிவப்பைத் தோண்டி வெள்ளைத் தட்டில் தேய்த்தார். நெய்ப்பசையோடு தீற்றிக்கொண்டது. ஷாமளா தன் லிமாவ் ஐஸில் கிடந்த எலுமிச்சைத் துண்டை எடுத்து அதன்மேல் பிழிந்தாள்.

சிவப்பு, கண்ணெதிரே மஞ்சளாக மாறியது.

“ஆரத்தித் தண்ணியில எலுமிச்சை பிழிஞ்சாலும் இப்படித்தான்,” என்றாள் ஷாமளா. “மஞ்சளும் சுண்ணாம்பும். இது குங்குமம் பாஸ்.”

ராஜசேகரன் தட்டை ஓரமாக நகர்த்தி வைத்தார். பிறகு ஷாமளா வினிஃப்ரெட்டுக்கு போன் போட்டு, வீட்டில் குங்குமம் உண்டா என்று கேட்டாள்.

“எங்க வீட்லயா?” என்றது சோர்ந்த குரல். “எங்கம்மா மூணு வேளையும் ஜெபமாலை உருட்டுறவங்க. ஏன் கேக்குறீங்க?”

“சும்மாதான்கா. ஒடம்பைப் பாத்துக்குங்க.”

போனை வைத்துவிட்டு ஷாமளா சொன்னாள்: “கத்தோலிக்கப் பொண்ணு கால் எலும்புக்குள்ள குங்குமம். ஃபாதர் கேட்டா பாவசங்கீர்த்தனம் யாரு செய்யிறது?”

ராஜசேகரன் சிரிக்கவில்லை. கடையில் விற்கும் குங்குமம் பெரும்பாலும் சாயப்பொடி, அது எலுமிச்சைக்கெல்லாம் நிறம் மாறாது என்று அவருக்குத் தெரியும். இது யாரோ வீட்டில் கைப்பட அரைத்தது. கீழே பூக்கடையில் மல்லிகை கட்டிக்கொண்டிருந்த வாசுகியிடம் தட்டைக் காட்டினார். அவள் விரலில் தொட்டு மோந்து பார்த்தாள்.

“நெய் விட்டுப் பிசைஞ்சிருக்கு. இந்தப் பக்கத்துல இப்படிச் செய்யிறது ஒரே ஆளுதான் சார். ரெங்கத்துல கஸ்தூரி அக்கா. நாலஞ்சு கோயிலுக்கு அவங்கதான் குடுக்கிறாங்க.”

ரெங்கம் போவதற்கு முன் கிளினிக்கில் சொல்லிவிடலாம், ஆபரேஷனை ஒருநாள் தள்ளிப்போடச் சொல்லலாம் என்று போனதுதான் தப்பு. குளிர்ந்த அறையில் இரண்டு மணி நேரம் உட்கார வைத்தார்கள். கடைசியில் நிர்வாகி ஒருவர் வந்தார். பல் முழுக்கச் சிரிப்பு, சிரிப்பு முழுக்க அலட்சியம்.

“பேஷன்டே பூசியிருப்பாங்க சார்.”

“அவங்க கிறிஸ்டியன்.”

“பாக்க வந்தவங்க யாராச்சும் பூசியிருப்பாங்க.”

“எலும்புக்குள்ளயா?”

“நாங்க எல்லாத்தையும் ஸ்டெரிலைஸ் பண்றோம். சீல் போட்ட டப்பாவுலதான் எங்களுக்கு வருது. ஆதாரம் இருந்தா கொண்டாங்க, பேசலாம்.” அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ராஜசேகரனுக்கு அந்த மனிதரின் வாசனைத் தைலம்கூடக் குமட்டியது.

வெளியே வந்ததும் ஷாமளா சொன்னாள்: “குப்பையைக் கொதிக்க வெச்சா, சூடான குப்பை. இதைச் சொல்ல அந்த ஆளுக்கு ஒரு டை வேற.”

வழியெல்லாம் மழை. செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள் முன்னால் ஊர்ந்தன. ரெங்கத்தில் வீட்டைக் கண்டுபிடித்தபோது மூன்றரை ஆகிவிட்டது.

கஸ்தூரிக்கு அறுபது வயதிருக்கும். கைவிரல்கள் மணிக்கட்டு வரை மஞ்சள் ஏறிக் கிடந்தன. முன்பின் தெரியாதவர்கள் என்ற யோசனையே இல்லாமல் உள்ளே கூப்பிட்டு, கேசரியைத் தட்டில் வைத்து நீட்டினாள். ராஜசேகரன் வயிற்றைத் தொட்டுக் காட்டி மன்னிப்புக் கேட்டார். ஷாமளா அவருடைய பங்கையும் சேர்த்து வாங்கிக்கொண்டாள்.

குப்பியை எடுத்து வைத்ததும் கஸ்தூரியின் முகம் மலர்ந்தது. ராஜசேகரன் எதிர்பார்க்காதது அது.

“இது எங்க வீட்டுக்காரரோடதாச்சே,” என்றாள். “உள்ள நீலமா இருக்கு பாருங்க. நெருப்புல வெந்தது.”

ராஜசேகரன் குப்பியிலிருந்து கையை எடுத்தார்.

“நெருப்புலயா?”

“சின்னத்தம்பின்னு பேரு. டிராக்டர் கவுந்து காலு ஒடைஞ்சப்ப இதை வெச்சாங்க. அதுக்குள்ள எலும்பு வளந்து, ஆறு வருஷம் நல்லா நடந்தாரு தம்பி. போன வருஷம் நெஞ்சு வலியில போயிட்டாரு. தகனம் முடிஞ்சு மறுநாள் பால் தெளிச்சுச் சாம்பல் அள்ளப் போனோம். எல்லாம் பொடியாப் போச்சு, இது மட்டும் முழுசாக் கெடந்துச்சு. கடல்ல கரைக்க மனசு வரல. அவரை நடக்க வெச்சதாச்சே. சாமி மேடையில வெச்சிருந்தேன்.”

“அப்புறம் எப்படி வெளிய போச்சு?”

“நான்தான் குடுத்தேன்.” அவள் குரலில் பெருமை இருந்தது. “காலு ஒடைஞ்சப்ப ஆஸ்பத்திரிக்கு இதைக் கொண்டாந்து குடுத்தாரே கம்பெனித் தம்பி, அவரு துக்கம் கேக்க வந்தாரு. இதைத் திருப்பிக் குடுத்தா உருக்கி ஏழைங்களுக்குப் புதுசு செய்வோம்மான்னு சொன்னாரு. எவ்வளவு நல்ல காரியம். இன்னொருத்தர் நடக்கட்டும்னு குடுத்துட்டேன்.”

ஷாமளாவின் கை கேசரித் தட்டில் நின்றது. “ஆன்ட்டி, இதுல குங்குமம் இருக்கே.”

“பின்ன? உள்ள இருந்த எலும்பு எரிஞ்சு போயி வெறுங்கூடால்ல இருந்துச்சு. ஒருத்தர் குடுத்த பாத்திரத்தைக் கோசோங்காவா, ஒண்ணும் போடாம காலியாவா திருப்பிக் குடுப்பாங்க? பக்கத்து வீட்டுக் கிண்ணத்தைக்கூட ஒரு பிடி சீனி போட்டுத்தானே குடுக்கிறோம். அதான் குங்குமத்தை ஒவ்வொரு ஓட்டையிலயும் அழுத்தி அடைச்சு, வெத்தலைல வெச்சுக் குடுத்தேன்.”

ராஜசேகரன் எழுந்து வாசல் வரை போய் நின்றார். செத்தவனின் சாம்பலில் இருந்து எடுத்ததைத் தேய்த்து, மெருகேற்றி, புது டப்பாவில் போட்டு, உயிரோடு இருப்பவள் எலும்புக்குள் செருகியிருக்கிறான் ஒருவன். அதுவும் ஒரு விதவையின் நல்ல மனசைக் கையேந்தி வாங்கி. இப்படிப்பட்டவனும் ராத்திரி சோறு தின்று ஏப்பம் விட்டுத் தூங்குவான் என்று நினைத்தபோது அவருக்கு வாயில் புளித்த நீர் ஊறியது. மழைச்சாக்கடையில் துப்பினார். துப்பியும் போகவில்லை.

“யாரு காலுக்காச்சும் உதவுச்சா தம்பி?” என்று கஸ்தூரி பின்னாலிருந்து கேட்டாள்.

அவர் திரும்பி வந்தார். “இது ஒண்ணுதான் குடுத்தீங்களா அக்கா?”

“போன மாசம் இன்னொண்ணு. அடுத்த தெரு ராஜம்மா தவறிட்டாங்க, அவங்க கால்லயும் இருந்துச்சு. நான் செஞ்சதைக் கேட்டு அவங்க பிள்ளைங்களும் குடுத்தாங்க. என் கையாலதான் குடுத்தேன்.”

“அதுலயும் குங்குமம்?”

“அதுலயும்தான்.”

மணி நாலு அடிக்கப் பத்து நிமிஷம். ராஜம்மாவின் காலில் இருந்தது இப்போது எந்த டப்பாவில் இருக்கிறது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஐந்து மணிக்கு ரூபேந்திரனின் காலுக்குள் போகப்போகிறது.

“அந்தக் கம்பெனித் தம்பி பேரு தெரியுமா?”

“பேரு வாயில நுழையல. படம் இருக்கு. கோயில் வாட்ஸ்அப் குரூப்புல போட எடுத்தோம்.”

போனைத் துழாவி எடுத்து நீட்டினாள். சாமி மேடைக்கு முன்னால் கஸ்தூரி வெற்றிலைத் தட்டோடு நிற்கிறாள். தட்டைப் பணிவாக இரண்டு கையாலும் வாங்குகிற இளைஞனின் கழுத்தில் வெள்ளிச் சிலுவை.

“அலமாக்,” என்றாள் ஷாமளா மெதுவாக. “நம்ம கஸ்டமர்.”

ராஜசேகரன் தலையில் குட்டிக்கொண்டது இப்போதுதான். ஒரு லாரி டிரைவருக்கு எத்தனை மணிக்கு ஆபரேஷன், எந்தக் கூடு வைப்பார்கள் என்று ஒரு நோயாளியின் அண்ணனுக்கு எப்படித் தெரியும்? ஆபரேஷனுக்கு டப்பா கொண்டு போகிறவனுக்குத்தான் தெரியும். காலையில் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, அவனே வாக்குமூலம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். இவர் அதை இரக்கத்தோடு கேட்டுத் தலையாட்டியிருக்கிறார்.

ஷாமளா கிளினிக்குக்குக் கூப்பிட்டாள். டாக்டர் தியேட்டருக்குள் போய்விட்டார், மெசேஜ் சொல்கிறோம் என்று சொல்லிவிட்டுப் பாட்டுப் போட்டார்கள். ராஜசேகரன் தன் போனில் ஸ்டானிஸ்லாஸை அழைத்தார். முதல் மணியிலேயே எடுத்தான்.

“சார், கண்டுபிடிச்சிட்டீங்களா?”

“கண்டுபிடிச்சிட்டேன். கஸ்தூரி அக்கா வீட்ல நிக்கிறேன். உன் படம் நல்லா வந்திருக்கு.”

மறுமுனையில் காலடிச் சத்தம் கேட்டது, அவன் ஓரமாக ஒதுங்குகிறான்.

“எங்க இருக்கே?”

“கிளினிக்ல. தியேட்டருக்கு வெளிய.”

“டப்பா?”

“உள்ள குடுத்துட்டேன் சார்.”

“பேக்கிங் வேலைன்னு சொன்னியே, இதுதானா அது? காலையிலேயே டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும். என்னை ஏன்டா ஊர் சுத்த விட்டே?”

“நீங்க கண்டுபிடிச்சா பழி கிளினிக் மேல போயிடும், ஆபரேஷனும் நின்னுடும்னு நெனச்சேன். என் பேரு வராதுன்னு நெனச்சேன். வினி காலுக்கு அதைத்தான் வெச்சாங்கன்னு தெரிஞ்சதுலேர்ந்து நான் தூங்கல சார்.”

“இப்ப உள்ள போயி அதைத் திரும்ப வாங்கு.”

“போனா என் கதை முடிஞ்சுது சார்.”

ராஜசேகரனுக்கு அதற்கு மேல் பேச நாக்கு கூசியது. ஒரு மனிதனின் கால் ஒரு தட்டில், தன் பெயர் மறு தட்டில் என்று நிறுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறான் இவன். திட்டினால் இன்னும் கொஞ்ச நேரம் அழுவான், அவ்வளவுதான். ஷாமளா எதுவும் கேட்காமல் தன் போனில் ஓர் எண்ணை அழுத்தி, நடந்ததை நாலே வாக்கியத்தில் சொன்னாள். பிறகு இரண்டு போனையும் ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் ஒன்றை ஒட்டி ஒன்று வைத்தாள்.

“அண்ணே,” என்றது வினிஃப்ரெட்டின் குரல். “நீ செஞ்சதா?”

“உனக்கு வைப்பாங்கன்னு எனக்குத் தெரியாது வினி.”

“எனக்கு இல்லன்னா பரவால்லயா?”

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான், அவள் விடவில்லை.

“உள்ள போ. வாங்கிட்டு வா. நான் லைன்ல இருக்கேன்.”

கதவு தள்ளும் சத்தம் கேட்டது. ஒரு நர்ஸ் மலாயில் கத்தினாள். உலோகத்தட்டு ஒன்று தரையில் விழுந்து உருண்டது. டாக்டரின் குரல், அதற்கு மேலே ஸ்டானிஸ்லாஸின் குரல், அழுகையும் ஆங்கிலமும் கலந்து. மஞ்சள் விரல்களைப் பிசைந்தபடி கஸ்தூரி இரண்டு போனையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு மணி முப்பத்தைந்துக்கு அவன் மறுபடி லைனில் வந்தான்.

“எடுத்துட்டேன். டாக்டர் பிரிச்சுப் பாத்துட்டாரு. நிறுத்திட்டாங்க.”

வினிஃப்ரெட் போனை வைத்துவிட்டாள். ரூபேந்திரனின் கால் தப்பியது. அவருக்கு இது இன்னும் தெரியாது, மயக்க ஊசிக்காகக் காத்துப் படுத்திருப்பார்.

கஸ்தூரிக்கு இப்போது எல்லாம் புரிந்துவிட்டது. “அந்தப் பொண்ணு காலு,” என்றாள். “நான் குங்குமம் வெச்சதாலயா தம்பி?”

“இல்லக்கா. செத்தவங்க சாமானை எடுத்து வெச்சதால. நீங்க குங்குமம் வெக்கலன்னா, அது எங்கேருந்து வந்துச்சுன்னு யாருக்கும் தெரிஞ்சிருக்காது.”

சொல்லி முடிக்கும்போதே அந்த வார்த்தை அவரைத் திருப்பிக் கொத்தியது. போனை மறுபடி எடுத்தார். ஸ்டானிஸ்லாஸ் இன்னும் இணைப்பில்தான் இருந்தான்.

“மொத்தம் எத்தனை?”

“சார்…”

“எத்தனைன்னு கேட்டேன்.”

“பதினொண்ணு. ரெங்கத்துல இந்த ரெண்டு. மத்ததெல்லாம் யோங் பெங், கூலாய், செனாய்.”

“அதெல்லாம் எங்க?”

“வெச்சாச்சு சார். புது டப்பாங்களோட கலந்து போச்சு, யார் யாருக்குன்னு எனக்குத் தெரியாது.”

ராஜசேகரன் போனை மேஜைமேல் வைத்தார். “அந்த வீட்டுக்காரங்க எப்படிக் குடுத்தாங்க? இவங்க மாதிரி உள்ள ஏதாச்சும் வெச்சா?”

“இல்ல சார்,” என்றான் ஸ்டானிஸ்லாஸ். “எல்லாம் கோசோங்.”

ஷாமளா கையில் இருந்த கேசரியைத் தட்டிலேயே திரும்ப வைத்துவிட்டாள்.